படிக்காமல் எழுதிய அணிந்துரை

இதுவரை பதினேழு புத்தகங்களுக்கு அணிந்துரை எழுதியிருக்கிறேன். அவற்றில் நான் முழுதாகப் படித்தவை மூன்று. அந்த மூன்றில் ஒன்று சமையல் குறிப்பு.

இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை இல்லை. ஆனால் நம் பக்கத்தில் புத்தகம் போடுகிறவருக்கும் அணிந்துரை எழுதுகிறவருக்கும் நடுவே பேசாமலே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இருப்பதைப் போல முதல் பக்கங்களில் யாராவது நாலு பேர் இருக்க வேண்டும். தாய்மாமன் மாப்பிள்ளையை நேரில் பார்த்தாரா என்று எவரும் கேட்பதில்லை. என் முறை இதுதான்: உள்ளடக்கப் பக்கம், முதல் அத்தியாயத்தில் இரண்டு பக்கம், நடுவில் விரல் விட்ட இடத்தில் ஒரு பத்தி, பிறகு கடைசிப் பக்கம். மொத்தம் ஒரு மணி நேரம், காபியோடு சேர்த்து. வாரப் பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன் என்பதால் எழுத்தாளர்கள் என்னிடம் ஆழத்தை எதிர்பார்ப்பதும் இல்லை. பதினாறு புத்தகங்கள் வரை யாரும் புகார் சொன்னதில்லை. பதினேழாவது புத்தகம் சர்வேயருடையது.

நில அளவைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வானூர், மரக்காணம், செஞ்சி என்று இந்த மாவட்டத்தில் அவர் கால் படாத வரப்பு இருந்திருக்காது. திண்டிவனத்தில் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எல்லைத் தகராறு வந்தபோது அளக்க வந்தார். என் குளியலறை ஒன்றரை அடி அடுத்தவர் மனையில் நின்றுகொண்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். அப்படித்தான் பழக்கம். ஒருவன் மேல் கோபம் வந்தும் அவனோடு டீ குடிக்கப் போக முடியுமென்றால் அவன் நண்பன்தான். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை ‘எழுத்தாளரே’ என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் அளந்து பார்த்ததில்லை.

அவர் மொழிபெயர்த்தது, நிலவியல் என்ற துறையே தவழ்ந்துகொண்டிருந்த காலத்து ஆங்கிலேயர் ஒருவருடைய வாழ்க்கையும் கடிதங்களும். அந்த மனிதர் இறந்த பிறகு அவருடைய மகள் தேடிச் சேர்த்துத் தொகுத்தது. தடித்தடியாக இரண்டு பாகம். புதுச்சேரியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் சர்வேயர் அதை எடுத்தபோது அட்டை கிடையாது, முதல் பாகத்தின் முதுகைக் கரையான் சாப்பிட்டிருந்தது. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருவக்கரைப் பக்கம் அளக்கப் போனாராம். அளவைச் சங்கிலி இழுக்க வேண்டிய நேர்க்கோட்டில் ஒரு கல் படுத்துக் கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அடிமரம். பட்டை, கணு, வளையம் எல்லாம் இருக்கிறது, தட்டினால் கல். கூட வந்த ஊர்க்காரர் சங்கிலியை அதன் மேல் போட விடவில்லை. “அது அசுரன் எலும்பு சார். வக்கிரகாளி கொன்னு போட்டா. மேல இரும்பு படக்கூடாது” என்றாராம். இவர் சுற்றிக்கொண்டு அளந்தார். சுற்றி அளந்ததில் கணக்கு உதைத்து, மறுநாளும் போக வேண்டியிருந்தது.

“நான் முப்பது வருசமா நெலத்தோட மேல்தோலைத்தான் அளந்துக்கினு இருந்தேன். அந்தாளு கீழ பாத்துக்கினு இருந்திருக்காரு” என்பார்.

எட்டு வருடம் மொழிபெயர்த்தார். அளவை அலுவலகத்தில் மிஞ்சிய நீளவாக்கு நோட்டுகளில், சர்வே எண் எழுதுவதைப் போன்ற கையெழுத்தில். கடைசி இரண்டு வருடம் சர்க்கரை முதலில் சிறுநீரகத்தையும் பிறகு கண்ணையும் எடுத்துக்கொண்டது. விழுப்புரத்தில் ஆசிரியையாக இருக்கும் மகள் வீட்டில் போய் இருந்தார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தட்டச்சு செய்வாள், அவர் சொல்லச் சொல்ல. அச்சுக்குப் போகும் பிரதி தயாரானதும் ஒன்றை எனக்கு அனுப்பி, அணிந்துரை கேட்டார்.

ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டேன். நன்றாகவே வந்திருந்தது. முதல் அத்தியாயத்தில், அந்த மனிதர் மலைச்சரிவுகளில் கல் உடைத்துக்கொண்டிருக்க, புதுமனைவி குடையின் கீழே உட்கார்ந்து கிடைத்தவற்றையெல்லாம் படம் வரைந்ததாக ஒரு காட்சி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். ‘முதுமையிலும் கணவரின் சுத்தியலையும் கைவிளக்கையும் சுமந்து உடன் நடந்த அந்தத் துணைவியின் சித்திரம் இந்நூலின் உயிர்நாடி’ என்று எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது.

நான்கு நாள் கழித்து போன் வந்தது.

“இன்னா எழுத்தாளரே, நல்லா கீறீங்களா?”

“நல்லாருக்கேண்ணே. அணிந்துரையைப் பாத்தீங்களா?”

“பாக்கறதுக்குக் கண்ணு எங்க? பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. தமிழு நல்லா கீது.”

“எல்லாம் உங்க எழுத்தோட அழகுண்ணே.”

“சரி. இருநூத்திப் பதினாலாம் பக்கத்தை எடுத்துப் பாத்துட்டு, வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

அந்தப் பக்கத்தைக் குறிப்பிட்டுப் பாராட்டச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். எடுத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் அந்த மனைவி இறந்துபோகிறாள். காய்ச்சல், ஆறு நாள். அடுத்த பக்கத்தில் மகள் எழுதிய ஒரே ஒரு குறிப்பு: இதன் பிறகு ஏறக்குறைய ஓராண்டுக்கு அப்பா யாருக்கும் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை, எங்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுபோல. அதற்கடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டேன். புத்தகம் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. அதாவது அந்த மனிதருக்கு முதுமை வந்தபோது, நான் சுத்தியலும் விளக்கும் கொடுத்து மலையேற்றிய அம்மையார் இறந்து முப்பது வருடம் ஆகியிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். சர்வேயருடைய மனைவி இறந்ததற்கு நான் போயிருந்தேன். மாலை போட்டேன், கல்லறை வரை நடந்தேன். அதற்கு அடுத்த மாதம்தான் அவர் இந்தப் புத்தகத்தைப் பிரித்து முதல் வரியை எழுதினார் என்பதும் எனக்குத் தெரியும். அவரே சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு எட்டு வருடமாகத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். டயாலிசிஸ் அறையில் ஆறு கட்டில், ஆறு மிஷின், சுவரில் ஒரு டிவி. சர்வேயர் ஜன்னலோரக் கட்டில். இடக்கையில் குழாய்கள், வலக்கையில் ஜெபமாலை. பக்கத்துக் கட்டிலில் மரக்காணத்துக்குத் தெற்கே ஏதோ கடலோரக் குப்பத்தைச் சேர்ந்த மீன்காரர். அவர் கடலுக்குப் போய் மூன்று வருடம் ஆயிற்றாம். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். சர்வேயர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“படிச்சியா?”

அதுவரை அவர் என்னை ‘நீ’ என்றதில்லை.

“அந்தப் பக்கத்தைப் படிச்சேண்ணே.”

“மொத்தம் எத்தினி பக்கம்?”

“ஒரு இருபது இருக்கும்.”

“நெஜத்தைச் சொல்லு.”

“பன்னண்டு.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். சர்வேயர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. நிலத்தை அளந்து முடித்துவிட்டு எண்ணைச் சொல்கிற குரலில் பேசினார்.

“புக்கு வரும். நாலு பேருக்குக் குடுப்பாங்க. வாங்கி அலமாரியில வெப்பாங்க. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் கெடயாது. நானும் அப்படி எத்தினி புக்கு வெச்சிருந்தேன். ஆனா நான் இருக்கும்போதே யாராச்சும் ஒருத்தர் மொத எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் படிக்கணும். நான் காதால கேக்கணும். பொண்ணுக்குப் பாவம், டைப்பு அடிச்சி அடிச்சி அதுக்குச் சலிச்சிப் போச்சி. நீ படி.”

“நானா?”

“படிச்சேன்னு எழுதிக் குடுத்து கையெழுத்தும் போட்டிருக்கியே. அத்த நெஜமாக்கு.”

“அணிந்துரையை மாத்தி எழுதிடறேண்ணே.”

“அத்த எடுத்துடு. மாத்தியெல்லாம் எழுதாத.”

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். டாக்டர் எவ்வளவு காலம் கொடுத்திருக்கிறார் என்று மகளிடம் கேட்டேன். “அதை மட்டும் கேக்காதீங்க அங்கிள். ஜல்தியாப் படிங்க” என்றாள். மொத்தப் பக்கங்களை வாரத்துக்கு எட்டு மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். மூன்று மாதம் வந்தது. நடுவில் எதுவும் நடக்காமல் இருந்தால்.

நான் நினைத்ததைவிட அந்த ஆங்கிலேயர் கடினமான ஆளாக இருந்தார். கிராமத்து வைத்தியரின் மகன். குதிரையில் போவார், சத்திரங்களில் தங்குவார், ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீட்டுக்கு எழுதுவார். வழியில் எதைச் சாப்பிட்டார் என்று ஒரு வரி, எந்தச் சரிவில் எந்த மண் எத்தனை அடி கனம் என்று மூன்று பக்கம். ஊர்ப் பாதிரியாருக்கு எழுதும்போது மட்டும் நயமாக எழுதுவார்: வேதாகமம் சொல்லும் நாற்பது நாள் வெள்ளம்தான் கொண்டுவந்து போட்டதென்றால் இந்தச் சிப்பிகள் இத்தனை வரிசைகளில் ஒன்றன் மேல் ஒன்றாக எப்படிப் படுத்திருக்கும், தாங்கள்தான் விளக்க வேண்டும் என்பதுபோல. அந்த இடம் வந்தால் சர்வேயர் ஜெபமாலைக் கையை உயர்த்தி இன்னொரு தரம் படிக்கச் சொல்வார்.

மற்ற இடங்களில் எனக்கு மூச்சு முட்டியது. மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, தொண்டை வறண்டிருந்த ஒரு நாள், யாருக்குத் தெரியப்போகிறது என்று அரைப் பக்கத்தைத் தாண்டினேன்.

“ரெண்டு பத்தியை விட்டுட்ட” என்றார்.

“இல்லியேண்ணே.”

“களிமண்ணுக்கு அப்புறம் சுண்ணாம்புக் கல்லு வரணும். நீ நேரா மணலுக்குப் பூட்ட. நடுவுல இருந்தத எவன் தூக்கிக்கினு போனான்?”

திரும்பப் போய்ச் சுண்ணாம்புக் கல்லைப் படித்தேன். அதற்குப் பிறகு நான் எதையும் விடவில்லை. அடிக்குறிப்பைக்கூட விடவில்லை.

இருநூற்றுப் பதினான்காம் பக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. காய்ச்சலையும் ஆறு நாளையும் படித்தேன். மகளின் குறிப்பைப் படித்தேன். வெற்றுப் பக்கத்துக்கு வந்ததும் அதைத் திருப்பப் போனேன். காகிதச் சத்தம் கேட்டு, “இரு” என்றார்.

“இதுல ஒண்ணும் இல்லண்ணே. அச்சுல விட்டுப்போச்சு போல.”

“பிரஸ்காரனும் அப்படித்தான் சொன்னான். பேப்பர் வேஸ்ட்டுன்னான். நான்தான் விடச் சொன்னேன். அது ஒரு வருசம். அதையும் படி.”

மேலிருந்து கீழே, வரி வரியாக இருப்பதைப் போல அந்த வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மிஷின்கள் ஓடின. ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. சர்வேயர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தெரிகிறவரைப் போல. எழுத்து இல்லாத பக்கத்தைப் படிக்க இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், சத்தத்தையே காணோம்?”

“அந்தாளு வூட்டுக்காரம்மா செத்துப் போச்சிப்பா” என்றார் சர்வேயர்.

“ஐயையோ. எப்போ?”

“ஆச்சி இருநூறு வருசம்.”

“அட பாவமே” என்று உச்சுக்கொட்டினார். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த பக்கத்தில், ஒரு வருடம் கழித்து, அந்த மனிதர் ஒரு நண்பருக்கு எழுதுகிறார். மனைவியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. புதிதாக வெட்டிய கால்வாய் ஒன்றின் சுவரில் எந்த அடுக்கு எங்கே தொடங்கி எங்கே மெலிகிறது என்று ஐந்து பக்கம். நான் படித்து முடித்துவிட்டு, “இன்னாண்ணே இந்தாளு, மனுசனா கல்லா?” என்றேன். பத்திரிகைக்கு எழுதுகிற வாய், சும்மா இருக்காது.

சர்வேயர் ஜெபமாலையில் ஒரு மணியை நகர்த்தினார்.

“அவ போன மறுவாரம் எனக்கு மயிலத்துக்குப் பக்கத்துல ஒரு நெலத்த உட்பிரிவு பண்ணி அளக்கற வேலை. லீவு போடுன்னாங்க. நான் போனேன். அன்னிக்கி நான் எழுதுன அளவை நோட்டை எடுத்துப் பாத்தீன்னா, ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. என் சர்வீஸ்லயே அவ்ளோ சுத்தமா நான் எழுதுனதில்ல.”

அந்த ஐந்து பக்கத்தையும் மறுபடி படிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மேலே போ என்றார்.

இரண்டாம் பாகத்தின் நடுவில் சர்வேயருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் வார்டில் படுத்துக் கிடந்தார். அங்கேயும் போய்ப் படித்தேன். கண் மூடியிருக்கும், நிறுத்தினால் விரல் அசையும். சித்திரை வெயிலில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நின்றுகொண்டே பஸ்ஸில் போய்வந்து, பத்திரிகையில் என் வாரப் பத்திக்கு இரண்டு வாரம் எழுத முடியாமல் போயிற்று. வாசகர் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஆங்கிலேயர் கிழவராகி, காது கேளாமல் போய், கடைசிக் கடிதத்தில் தோட்டத்துப் பேரிக்காயைப் பற்றி எழுதி முடித்துக்கொண்டார். புத்தகத்தை மூடினேன். ஒரு பெருமூச்சு விட்டேன்.

“பின்னாடி பொருளடைவு இருக்குது” என்றார்.

சர்வேயர் தாமே அகர வரிசையில் கட்டிய பொருளடைவு. முப்பத்தொரு பக்கம்.

“அதையுமா அண்ணே?”

“கடைசி எழுத்து வரைக்கும்னுதானே பேச்சு?”

அடுக்கு, பாறை பார்க்க. அத்திமர இலை, நூற்றுப் பன்னிரண்டு. ஆற்றங்கரைச் சரளை, நாற்பத்தொன்று, எண்பத்தெட்டு. இப்படியே போயிற்று. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொரு சொல்லும் அவர் நட்ட எல்லைக்கல். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை மிஷின் நிற்கும்போது சகரம் முடிந்திருந்தது. மீதி செவ்வாய்க்கிழமை என்று சொல்லி எழுந்தேன்.

திங்கட்கிழமை காலையில் மகள் போன் செய்தாள். “அப்பா போயிட்டாங்க அங்கிள்” என்றாள். பிறகு, “முடிச்சிட்டீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அழ ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அன்று சாயங்காலம் அவருடைய ஊர்க் கல்லறையில், மனைவிக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். பங்குச் சாமியார் ஜெபம் சொன்னார். ஆளுக்கு ஒரு பிடி மண் போட வரிசையில் போனோம். என் முறை வந்தபோது நான் பெட்டியைப் பார்த்திருக்க வேண்டும். குழியின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே ஒரு முழத்துக்குச் செம்மண், அதில் புல் வேர். அதற்குக் கீழே விரற்கடை கனத்தில் சரளை, மேற்குப் பக்கமாக மெலிந்துகொண்டே போயிற்று. அதற்கும் கீழே மஞ்சள் களி, மண்வெட்டி பட்ட இடமெல்லாம் பளபளப்பாக. பின்னாலிருந்தவர் முதுகைத் தொட்டு, “போடுங்க சார், ஜனம் நிக்கிது” என்றார். போட்டேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. பிரதியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரக் கட்டிலில் வேறு யாரோ, செஞ்சிப் பக்கத்துக்காரர், படுத்திருந்தார். அவருக்கும் மீன்காரருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டேன்.

“இன்னும் மிச்சம் கீதா சார்?” என்றார் மீன்காரர்.

“கொஞ்சம் இருக்குது.”

“படிங்க.”

ஞாயிற்றுக்கிழமைத் தொழுகை, எழுபது. தகடுபோல் உரியும் கல், பக்கம் ஒன்பது, இருநூற்று நாற்பது. நத்தை ஓடு. பனிக்கால மழை. குரலை உயர்த்தாமலும் ஒரு பக்க எண்ணையும் விடாமலும் படித்தேன். புதிதாக வந்த செஞ்சிக்காரர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்க வேண்டும். கையைக் கூப்பிக்கொண்டு கிடந்தார். மனைவி, அந்த ஒரு சொல்லுக்கு எதிரே மட்டும் இருபதுக்கு மேல் எண்கள். கடைசி எண் இருநூற்றுப் பதினாறு. எழுத்தே இல்லாத அந்தப் பக்கத்தையும் அவர் சேர்த்திருந்தார். அங்கே கொஞ்சம் நின்று, பிறகு மேலே போனேன். கிடைத்த கற்களைப் பொதிந்து வீட்டுக்கு அனுப்பப் பயன்பட்ட வைக்கோலில், முந்நூற்று எழுபதாம் பக்கத்தோடு, பொருளடைவு முடிந்தது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

“அம்மாம் பெரிய புக்கு, முடிஞ்சே போச்சா சார்?” என்றார் மீன்காரர்.

“முடிஞ்சிடுச்சிங்க. ஒரு எழுத்து பாக்கியில்ல.”

“அப்ப சிஸ்டருகிட்ட டிவியைப் போடச் சொல்றீங்களா? பெரியவருக்காவ மூணு மாசமா பொறுத்துக்கினு இருந்தோம், சீரியல்ல அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லியான்னே தெரியல.”